முதுகில் போடும் ஊசி பிரசவ வலியை எவ்வளவு குறைக்கும்?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் கடந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று: "முதுகில் ஊசி மட்டும் போட்டுக்காதே, ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்." அதே குடும்பம் சிசேரியன் என்று டாக்டர் சொன்னதும், அதற்காக முதுகில் போடும் ஊசிக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடும். அறுவைக்கு என்றால் சரி, வலிக்கு என்றால் வேண்டாம் என்ற இந்தத் தயக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. பிரசவ வலியைக் குறைக்க இன்று உள்ள வழிகளில் மிகச் சிறந்தது, எபிடியூரல் எனப்படும் இந்த முதுகு ஊசிதான்.

தண்டுவடத்தை ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, நரம்பு வேர்கள் கடந்து போகும் குறுகலான இடத்தில்தான் மருந்து செலுத்தப்படுகிறது. தண்டுவடம் இடுப்பெலும்புத் தொடரின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே நுழையும். முதலில் தோலை மரக்கவைப்பார்கள். பிறகு ஊசி வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முதுகில் தங்குவது அந்தக் குழாய் மட்டுமே. அதன் வழியே புபிவக்கேன் அல்லது ரோபிவக்கேன் என்ற மரப்பு மருந்து குறைந்த செறிவில், பெரும்பாலும் ஃபென்டனில் என்ற வலிநிவாரணி சிறிதளவுடன் சேர்ந்து போகும். 15 முதல் 20 நிமிடங்களில் வலி இறங்கத் தொடங்கும். பிரசவம் முடியும்வரை மருந்தைத் தொடரலாம்.

எவ்வளவு இறங்கும்? 2018இல் காக்ரேன் அமைப்பு 40 ஆய்வுகளை, 11,000க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பெத்திடின் போன்ற வலிநிவாரண ஊசிகளைவிட எபிடியூரல் வலியை நன்றாகக் குறைக்கிறது என்பது அதில் தெரிந்தது. பெரும்பாலான பெண்களுக்குக் கத்த வைக்கும் வலி, வயிறு இறுகித் தளரும் உணர்வாக மாறிவிடுகிறது. பேச முடிகிறது, சிலரால் தூங்கவும் முடிகிறது. ஆனால் இதை "வலியே இல்லாத பிரசவம்" என்று விளம்பரம் செய்வது சரியல்ல. பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியல் மருத்துவர் சங்கம் தாய்மார்களுக்குச் சொல்லும் கணக்குப்படி, சுமார் எட்டுப் பேரில் ஒருவருக்கு எபிடியூரல் மட்டும் போதாமல் வேறு வலி நிவாரணமும் தேவைப்படுகிறது.

அந்த எட்டில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்கிறார்கள். மருந்து ஒரு பக்கமே அதிகம் பரவி, மறுபக்கம் வலி அப்படியே இருக்கலாம். தொடையிடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மரக்காமல் இருக்கலாம். குழாய் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். குழந்தையின் முதுகு தாயின் முதுகைப் பார்த்தபடி இருந்தால் இடுப்பில் வலி பலமாக இருக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். குழாயைச் சற்றே வெளியே இழுப்பது, தாயை மறுபக்கம் படுக்கவைப்பது, இன்னொரு முறை மருந்து கொடுப்பது, எதுவும் உதவாவிட்டால் குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று வழிகள் உண்டு. ஆனால் எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதைத் தாய் சொன்னால்தான் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியும்.

கடைசிக் கட்டத்தில் கீழே பலமாக அழுத்துவது போன்ற உணர்வு வரும். அது ஊசி பலிக்கவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. கருப்பை சுருங்கும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகில் மேலே சேர்கின்றன. குழந்தையின் தலை இறங்கும்போது பிறப்புறுப்பைச் சுற்றி ஏற்படும் வலியைக் கொண்டுபோவது கீழே, திருவெலும்பிலிருந்து வரும் நரம்புகள். மருந்து அங்கே குறைவாகப் பரவினால் அழுத்தம் தெரியும். முக்குவதற்கு அந்த உணர்வு உதவவும் செய்கிறது.

இனி பாட்டிமாரின் பயத்துக்கு வருவோம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். நீண்டகால இடுப்பு வலியைப் பொறுத்தவரை, எபிடியூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் காக்ரேன் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் வித்தியாசம் இல்லை. கர்ப்பமும் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதும் இடுப்பை வருத்தும். பழி ஊசியின்மேல் விழுந்துவிடுகிறது. எபிடியூரல் போட்டால் சிசேரியன் ஆகிவிடும் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயுதம் போட்டு எடுப்பது அதிகரிக்கும் என்ற பயத்துக்கு மட்டும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. முன்பு மருந்தின் செறிவு அதிகம். கால்கள் மரத்து, முக்கவும் முடியாமல் போனது. 2005க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த அதிகரிப்பு தெரியவில்லை. முக்கும் நேரம் கொஞ்சம் நீளலாம் என்பது உண்மை.

பக்கவிளைவுகள் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் டிரிப்ஸ் ஏற்றி, அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார்கள். அரிப்பு, காய்ச்சல், கால் கனப்பது, சிறுநீர் போக முடியாமல் குழாய் வைப்பது ஆகியவையும் நேரலாம். ஊசி தவறி உறையைத் துளைத்துவிட்டால், எழுந்து உட்கார்ந்தாலே கூடும் கடுமையான தலைவலி வரும். பிரிட்டன் கணக்கில் இது சுமார் நூற்றில் ஒருவருக்கு வருகிறது, இதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நரம்புச் சேதம் சுமார் 13,000 பேரில் ஒருவருக்கு.

ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஊசி போட வேண்டிய இடத்தில் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாமல் போகலாம். முதுகில் அறுவை நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தயக்கம் இங்கே புதிதல்ல. ஸ்ரீவராகத்திலிருந்து அதிக தூரமில்லாத தைக்காடு மகளிர்-குழந்தைகள் மருத்துவமனையில் 1916இல் பொறுப்பேற்றவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வரப் பெண்கள் தயங்கிய காலம் அது. ஊர் மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி கொடுத்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். அன்று வீட்டுப் பிரசவம் பரவலாக இருந்த கேரளத்தில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன, சிசேரியன் 38.9 சதவீதம். உயிரைக் காப்பதில் இவ்வளவு முன்னேறிய இடத்தில், வலியைத் தாயின் தலையெழுத்து என்று விட்டுவிடக் காரணமே இல்லை. உடல்நலமுள்ள கர்ப்பிணி கேட்டால் எபிடியூரல் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது.

தடையாக இருப்பது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான். இரவு பகல் மயக்க மருந்து டாக்டர் இருக்கும் இடத்தில்தான் இது பாதுகாப்பாக நடக்கும். அதனால் எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்: நள்ளிரவில் வலி எடுத்தால் டாக்டர் வருவாரா, செலவு எவ்வளவு, ஊசி போதவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? அவசரமாகச் சிசேரியன் தேவைப்பட்டால், அதே குழாய் வழியாகவே பலமான மருந்து கொடுக்க முடியுமா என்பதையும் கேளுங்கள். பல நேரம் முடியும். கருப்பை வாய் இத்தனை சென்டிமீட்டர் திறக்கட்டும் என்று பொறுத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தலை தெரியும்வரை தாமதித்தால்தான் சிக்கல். அப்போது அசையாமல் உட்காரவும் முடியாது, மருந்து வேலை செய்ய நேரமும் இருக்காது.