ரிலீவிங் லெட்டரில் இல்லாத வரி

புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனம் எதையெல்லாம் சரிபார்க்கிறது? பட்டச் சான்றிதழ் அசலா, சொன்ன சம்பளம் உண்மையா, கொடுத்த முகவரியில் ஆள் இருக்கிறாரா, காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு உண்டா என்று ஏஜென்சி வைத்து விசாரிக்கிறது. பழைய நிறுவனத்தின் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போகும்; சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவி என்று பெரும்பாலும் மூன்றே தகவல்கள் திரும்பி வரும். போலிச் சான்றிதழ்காரர்களைப் பிடிக்க இது உதவும். ஆனால் பணியிடப் பாலியல் தொந்தரவு என்று வரும்போது இந்தச் சரிபார்ப்பு அநேகமாக எதையும் பிடிப்பதில்லை. ஏஜென்சிகளின் சோம்பல் அதற்குக் காரணமல்ல. அவர்கள் தேடும் இடங்களில் அந்தத் தகவல் ஒருபோதும் எழுதப்படுவதில்லை.

ராஜஸ்தானில் 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து எழுந்த பொதுநல வழக்கில் பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்தது. அவை சட்டமாவதற்கு மேலும் 16 ஆண்டுகள் பிடித்தன. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அது 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலையாமலே ஒரு பெண் தீர்வு பெற வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம், நல்ல நோக்கம்தான். அதன் மறுபக்கம், குழுவின் முடிவு நிறுவனத்தின் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பாலியல் குற்றவாளிகளுக்கென 2018இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தரவுத்தளத்தில் நீதிமன்றம் தண்டித்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அதையும் காவல்துறை போன்ற அமைப்புகள்தான் பார்க்க முடியும். இதற்கு நடுவில் எளிதான ஒரு வழி திறந்தே கிடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடிவதற்குள் ராஜினாமா செய்துவிட்டால் போதும். தலைவலி விட்டது என்று நிர்வாகமும் உடனே ஏற்றுக்கொள்ளும். 'எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' என்று முடியும் ரிலீவிங் லெட்டரோடு அவர் அடுத்த அலுவலகத்துக்குப் போவார். புகார் கொடுத்தவரோ அதே நாற்காலியில் உட்கார்ந்து சக ஊழியர்களின் கிசுகிசுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆக்ஸ்ஃபாம் விவகாரமே சாட்சி. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் பணியாற்றிய அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் பாலியல் ஒழுங்கீனத்தில் ஈடுபட்டதாக 2011இல் உள் விசாரணை நடந்தது. நால்வர் நீக்கப்பட்டார்கள், அந்நாட்டுப் பொறுப்பாளர் உட்பட மூவர் ராஜினாமா செய்ய அனுமதிக்கப்பட்டார்கள். அந்தப் பொறுப்பாளர் அடுத்து வங்கதேசத்தில் வேறொரு தொண்டு நிறுவனத்தில் தலைமைப் பதவிக்குப் போனார். தாங்கள் முறையாக விசாரித்ததாகவும், ஆக்ஸ்ஃபாமிடமிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றும் அந்த நிறுவனம் பிறகு சொன்னது. சரிபார்ப்பு நடந்திருக்கிறது, பதிலும் கிடைத்திருக்கிறது. வேண்டிய ஒரு தகவல் மட்டும் அதில் இல்லை. 2018இல் லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்ததும், மனிதநேய உதவி அமைப்புகள் 2019இல் தங்களுக்குள் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. ஒருவரை நியமிக்கும் முன், கடந்த ஐந்தாண்டுகளில் அவரை வேலைக்கு வைத்திருந்தவர்களிடம் நேரடியாகக் கேட்பார்கள்: பாலியல் முறைகேடு நிரூபணமானதா, விசாரணை நடக்கும்போதே விலகினாரா? இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

நம் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் கொடுக்காது, அதன் 16ஆவது பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது என்பார்கள். அந்தப் பிரிவைப் படித்துப் பார்த்தால் அது தடுப்பது பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் ஊடகத்துக்கும் வெளியிடுவதை. அங்கேயும் ஒரு விலக்கு இருக்கிறது: பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் அடையாளம் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்லலாம். எழுத்துப்பூர்வமாகக் கேட்கும் அடுத்த முதலாளிக்கு 'விசாரணையில் குற்றச்சாட்டு உறுதியானது' என்று ஒரு வரி எழுதுவதை இந்தப் பிரிவு தடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மானநஷ்ட வழக்கு வருமே என்ற அச்சம் புரிகிறது. ஆனால் உரியவரின் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதற்கு அவதூறுச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. இதில் சந்தேகம் வராதபடி அரசு விதியிலேயே எழுதிவிட்டால் நிறுவனங்களுக்குச் சாக்கு இருக்காது.

பிழைப்பைக் கெடுக்கலாமா, பொய்ப் புகாராக இருந்தால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான கேள்வி. புகார் வந்ததுமே ஒருவர் மீது முத்திரை குத்துவதை நானும் ஏற்க மாட்டேன். முடிந்த விசாரணையின் முடிவை மட்டுமே பகிர வேண்டும். மேல்முறையீடு செய்திருந்தால் அதையும் சேர்த்து எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கும் பிரதி தர வேண்டும். ராஜினாமா செய்தாலும் விசாரணை நிற்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. அப்போதுதான் குற்றமற்றவருக்கும் தன் பெயரை மீட்க வழி கிடைக்கும். பாலியல் தொந்தரவுப் புகாரில் கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டதை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணை அவசர அவசரமாக நடந்தது, தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்பதால் வழக்கைப் புகார்க் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. அதே தீர்ப்பில், நாட்டின் 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 16இல் முறையான குழுவே இல்லை என்ற பத்திரிகைச் செய்தியையும் சுட்டிக்காட்டியது. ஒழுங்கான குழு இல்லாத இடத்தில் ஒழுங்கான பதிவு எப்படி வரும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் ஒன்றையொன்று கேட்பதே இல்லை என்பது முழு உண்மையல்ல. போனில் கேட்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். எழுத்தில் வராத அந்தப் பேச்சில் 'பிரச்சினை பண்ற பொண்ணு' என்று அடிபடுவது பெரும்பாலும் புகார் கொடுத்தவரின் பெயர்தான். ஆகவே, புதிய ஏற்பாடு பெண்களுக்கு எதிராகத் திரும்பும் என்பவர்களுக்கு என் பதில்: இப்போதிருக்கும் ஏற்பாடு ஏற்கெனவே அப்படித்தான் திரும்பியிருக்கிறது. எழுத்துக்கு வந்தால் யார் என்ன சொன்னார் என்று கேட்கவாவது முடியும்.

ஒரு சின்னத் தொடக்கத்துக்கு வாய்ப்பு இப்போதே இருக்கிறது. வந்த புகார்கள், முடிந்தவை, 90 நாட்களைத் தாண்டி நிலுவையில் இருப்பவை என மூன்று எண்ணிக்கைகளை இயக்குநர் குழு அறிக்கையில் தர வேண்டும் என்று 2025 ஜூலை முதல் நிறுவனச் சட்ட விதி கேட்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விலகியதால் கைவிடப்பட்ட விசாரணைகள் எத்தனை என்பதை நான்காவதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை போதும்.