மோட்டார் யந்திரம் ஏன் கொதிக்கிறது?

பொங்கலுக்குச் சொந்த ஊர் புறப்படும் பெங்களூர்த் தமிழர் பலர் ஓசூர் சாலையில்தான் செல்கின்றனர். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்லும்போது, உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுமாயின் செய்யத் தக்கது யாது? வண்டியை ஓரமாக நிறுத்தி யந்திரத்தை அணைப்பதே. ரேடியேட்டர் மூடியில் கை வைத்தல் ஆகாது.

காரணம் எளிது. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இறுக மூடிய ரேடியேட்டரிலோ, அழுத்தத்தின் காரணமாக 110 டிகிரியிலும் கொதியாமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த மாத்திரத்தில் அழுத்தம் நீங்கி, வெந்நீரும் ஆவியும் முகத்தில் சீறியடிக்கும். ஆகவே, அரைமணி நேரமேனும் நன்றாக ஆறவிடுதல் வேண்டும்.

ஆறியபின் நீரின் அளவையும் ஒழுக்கையும் பாருங்கள். நீர் சரியாக இருந்தும் நெரிசலில் மட்டும் சூடேறினால், விசிறி சுழலவில்லை என்று ஐயுறலாம். கிருஷ்ணகிரி நோக்கி விரையும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்யும். அப்போதும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, நீர்ப் பம்பு, திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வெளியே ஒழுக்கின்றியே நீர் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை ஓயாது வருமாயின், ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். அவ்வண்டியை மேலும் ஓட்டினால் யந்திரமே பாழாகும்.

எனவே நேயர்களே, மெக்கானிக்கிடம் ‘வண்டி சூடாகிறது’ என்பதோடு நில்லாமல், எப்போது சூடாகிறது என்பதையும் கூறுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.