சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள்

கண்டிப்பான லோ கார்ப் முறையில் ஒரு நாளைக்கு அனுமதி 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து. நம் வீட்டு இட்லி ஒன்றில், அளவைப் பொறுத்து, சுமார் 10 கிராம் இருக்கும். நான்கு இட்லி சாப்பிட்டுக் கை கழுவும்போதே அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மதியச் சாப்பாடும் மாலைக் காபியும் இன்னும் பாக்கி. பேலியோ, கீட்டோ என்ற லோ கார்ப் முறைகளை உற்சாகமாக ஆரம்பித்தவர்கள் சில மாதங்களில் சத்தமில்லாமல் பழைய தட்டுக்குத் திரும்பினால், மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம். உலை வைத்துவிட்டு மற்றதை யோசிக்கும் சமையலறையில் அந்த எண்ணைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை யாரும் பேசுவதில்லை.

இவ்வளவு கறாரான கணக்கு மருத்துவமனையில் பிறந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர் என்ற மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்காகக் கீட்டோ உணவை முன்வைத்தார். எடை குறைப்பதற்கான வழியாக அதை ஒத்த உணவுமுறைகள் பரவியது வெகுகாலம் கழித்து. 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் அதில் பெரும்பங்கு வகித்தது. சிகிச்சைக்கான அளவை, சிகிச்சை தேவைப்படாதவரும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தாலே அது மாவுச்சத்து குறைந்த உணவுதான். இந்தியர்கள் சராசரியாக 62 விழுக்காடு கலோரியை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது ஏறத்தாழ 310 கிராம். அங்கிருந்து 100க்கு இறங்குவதே பெரிய காரியம். அதில் பல வருடம் நிற்கவும் முடியும்.

100 கிராம் என்பது தட்டில் எப்படி இருக்கும்? காலையில் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும். மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதில் 40 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து உண்டு. மீதி இடம் முழுக்க அவரைப் பொரியல், கீரை மசியல், மீன் அல்லது கோழி. சைவமென்றால் பன்னீர், கெட்டித் தயிர், பயறு. இரவில் தானியம் இல்லை. ஆம்லெட்டோ, முட்டைகோஸ் வதக்கலோடு பன்னீரோ போதும். பருப்பு, காய், பால் எல்லாம் சேர்த்தாலும் கணக்கு 100ஐ ஒட்டி நிற்கும். இதற்காகப் புதுச் சமையல் எதையும் கற்க வேண்டாம். நம் சாப்பாட்டில் குழம்பும் கூட்டும் பொரியலும் ஏற்கெனவே இருக்கின்றன. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று ஓரத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான். அவற்றை நடுவில் வைத்து, சோற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். வீட்டில் தனிச் சமையல் தேவையில்லை. பொரியலுக்கு வாங்கும் காயை மட்டும் இரு மடங்காக்க வேண்டும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால், அதே சாப்பாட்டுக்கு இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிழங்குகளில் மட்டும் கவனம். மரவள்ளியும் உருளையும் காய் என்ற பெயரில் வரும் சோறு.

ஏமாற்றுபவை வேறு சில. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் 100 கிராம் சிறுதானியத்தில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அரிசிக்குப் பதில் அதே அளவு சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு ‘லோ கார்ப்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. கோதுமைச் சப்பாத்திக்கும் இதே கதிதான். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது: அவை பெரும்பாலும் சர்க்கரைதான், உடம்பு அதற்குத் தனி மரியாதை தருவதில்லை. அடுத்தது டீ. 100 மில்லி பாலில் 5 கிராம் பால்சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு கரண்டிச் சீனி போட்டு நாளுக்கு மூன்று தடவை குடித்தால், சீனி மட்டுமே 25 கிராமைத் தாண்டலாம். சேர்க்கும் சர்க்கரை இயன்றால் ஒரு நாளைக்கு அந்த அளவுக்குள் இருக்கட்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. சோற்றில் கை வைப்பதற்கு முன் டீயிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். வீட்டில் சண்டையும் வராது.

காசு விஷயத்தையும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் பேலியோ பரவியபோது காலைக்கு 100 பாதாம் என்பது ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. தினமும் 100 கிராமுக்கு மேல் பாதாம் வாங்க எத்தனை குடும்பத்தால் முடியும்? ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசமாகக் கிடைக்கிற மாநிலம் இது. அரிசி வயிற்றை நிரப்பும் மலிவான வழி. அதைக் குறைத்தால் அந்தக் கலோரிக்கு விலை கொடுத்தாக வேண்டும். முட்டை, மத்தி, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, வீட்டில் உறையூற்றிய தயிர் இவைதான் கட்டுப்படியாகும் வழி. பச்சைப்பயறு தோசையில் மாவுச்சத்து உண்டு, 20 கிராம் கணக்குக்குள் அது அடங்காது. 100 கிராம் கணக்கில் தாராளமாக அடங்கும். கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் சைவ உணவுக்காரர்களுக்கும் சிக்கனக்காரர்களுக்கும் இப்படிப் பல கதவுகள் திறக்கின்றன.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்தால் கொண்டாட வேண்டாம். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது நீரும் போகிறது, கூடவே உப்பும். தலைவலி, சோர்வு, கிறுகிறுப்பு வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். தண்ணீரும் ரசமும் உதவும், உயர் இரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கு.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குக் கதை வேறு. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவர் திடீரென்று சோற்றைக் குறைத்தால், பழைய அளவு மருந்தே சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு மிகக் கடுமையான லோ கார்ப் சேர்ந்தால், சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. ஆகவே உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் போய் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக இதில் இறங்கவே கூடாது. சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் என்பதால், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பார்க்கும்போது அதையும் பார்த்துவிடுவது நல்லது.

கல்யாணப் பந்தியில் என்ன செய்வது? இலையில் உட்கார்ந்தவரிடம் கார்போஹைட்ரேட் பாடம் எடுத்தால் பரிமாறுபவர் இன்னொரு ஜாங்கிரி வைத்துவிட்டுப் போவார். அவியலையும் கூட்டையும் இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள், மறுக்க மாட்டார்கள். சாம்பாருக்குக் கொஞ்சம் சோறு, பாயசம் ஒரு வாய், பிறகு மண்டபத்து வாசலில் கால் மணி நேரம் நடந்தபடி உறவினர்களோடு பேச்சு. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம். காலையில் வழக்கம்போல இரண்டு இட்லியும் முட்டையும்.