நிறச்செறிவு நிலப்படம்

நிறச்செறிவு நிலப்படம் என்பது மாவட்டம், வட்டம், வார்டு போன்ற ஆட்சிப் பகுதிகள் ஒவ்வொன்றையும் அப்பகுதிக்குரிய புள்ளிவிவர மதிப்புக்கு ஏற்ற நிறத்தால் நிரப்பிக் காட்டும் கருப்பொருள் நிலப்படம் ஆகும். ஆங்கிலத்தில் இது கோரோப்பிளெத் எனப்படுகிறது. இடம், திரள் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1938 இல் ஜான் ரைட் இப்பெயரை உருவாக்கினார். படமுறை பெயரை விட மிகவும் பழையது. 1826 இல் சார்லஸ் துப்பேன் பிரான்சின் கல்வி நிலையை மாவட்ட வாரியாகக் கருப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களில் வரைந்து வெளியிட்டார். அறியப்பட்டவற்றுள் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது.

இத்தகைய படங்களை இன்று கணினி நிரல் மூலமே பெரும்பாலும் வரைகின்றனர். எந்த நிரல்மொழியிலும் இதனைச் செய்யலாம் எனினும், குளோஜர், ஹாஸ்கெல் போன்ற சார்பு நிரலாக்க மொழிகள் இதற்கு இயல்பாகப் பொருந்துகின்றன.

சார்புகளின் தொடர்

கணிதத்தில் சார்பு என்பது ஓர் உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வெளியீட்டைத் தருவது. சார்பு நிரலாக்கத்தில் நிரல் முழுவதும் இத்தகைய சார்புகளின் கோவையாக எழுதப்படுகிறது. ஒருமுறை உருவான தரவு இடையில் மாற்றப்படுவதில்லை. நிறச்செறிவு நிலப்படமும் அடிப்படையில் இதுவே. பகுதியில் இருந்து மதிப்பு, மதிப்பில் இருந்து வகுப்பு, வகுப்பில் இருந்து நிறம் என மூன்று சார்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைகின்றன:

நிறம் (வகுப்பு (மதிப்பு (மாவட்டம்)))

இக்கூட்டுச் சார்பை எல்லா மாவட்டங்களின் மீதும் செலுத்தினால் படம் முடிந்தது. அவ்வாறு பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரு சார்பைச் செலுத்தும் கட்டளைக்கு இம்மொழிகளில் 'மேப்' என்றே பெயர். நிலப்படத்துக்கும் அக்கட்டளைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அமைந்ததால் ஏற்படும் குழப்பம் தமிழில் எழுதுவோருக்கு இல்லை.

நடைமுறையில் எல்லைக்கோடுகள் எஸ்விஜி அல்லது ஜியோஜேசான் வடிவக் கோப்பில் இருந்து பெறப்படுகின்றன. எஸ்விஜி கோப்பு ஒரு எக்ஸ்எம்எல் ஆவணம். ஒவ்வொரு மாவட்டமும் அதில் தனி அடையாளம் கொண்ட ஒரு கோட்டுருவாக இருக்கும். குளோஜர் இதனைப் படித்து ஒரு மரமாகத் தருகிறது. நிரல் அம்மரத்தைச் சுற்றிவந்து, நிரப்பு நிறம் மட்டும் வேறாக உள்ள புதிய மரத்தை உருவாக்குகிறது. மூலமரம் மாறாமல் இருப்பதால் அதிலிருந்தே எழுத்தறிவு, பாலின விகிதம், மக்களடர்த்தி என எத்தனை படங்களும் எடுக்கலாம்.

வகுப்பு பிரித்தல்

முதலில் கவனிக்க வேண்டியது, எண்ணிக்கையை அன்றி விகிதத்தையே நிறமாக்க வேண்டும் என்பது. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்ட மக்கள்தொகை 46,46,732. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 39,98,252. இவற்றை அப்படியே நிறமாக்கினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாயல் பெறும். ஆனால் சதுர கிலோமீட்டருக்குச் சென்னையில் 26,553 பேரும் காஞ்சிபுரத்தில் 892 பேரும் வாழ்ந்தனர்.

அடர்த்தியை எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அக்கணக்கெடுப்பில் இருந்த 32 மாவட்டங்களில் மிகக் குறைந்த அடர்த்தி நீலகிரியின் 287 ஆகும். 287 இல் இருந்து 26,553 வரை ஐந்து சம இடைவெளிகளாகப் பிரித்தால் முதல் வகுப்பே 5,500 ஐத் தாண்டிவிடும். சென்னை மட்டும் அடர்நிறத்திலும் ஏனைய 31 மாவட்டங்களும் ஒரே வெளிர்நிறத்திலும் அமைந்த, எதையும் சொல்லாத படமே கிடைக்கும். மாறாக வரிசைப்படுத்தி எட்டு எட்டாக நான்கு வகுப்புகளாக்கினால் சென்னை, கன்னியாகுமரி, திருவள்ளூர், காஞ்சிபுரம் ஆகிய நான்கும் ஒரே நிறத்தில் நிற்கும். 26,553 க்கும் 892 க்கும் இடையே உள்ள முப்பது மடங்கு வேறுபாடு மறைந்துவிடும். இரண்டிலும் தரவு ஒன்றே, கணக்கும் சரியே. மடக்கை அளவு, 1967 இல் ஜார்ஜ் ஜெங்க்ஸ் முன்வைத்த இயற்கை முறிவு முறை ஆகியன இவ்விரு கோடிகளுக்கும் இடைப்பட்டவை.

சார்பு மொழிகளில் ஒரு சார்பை மற்றொரு சார்புக்கு உள்ளீடாக அளிக்கலாம். எனவே வகுப்பு பிரிக்கும் சார்பை மட்டும் மாற்றிக் கொடுத்து, வரையும் பகுதியைத் தொடாமலேயே இரு படங்களையும் அருகருகே ஒப்பிட முடியும். வெளியிடும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்ல வழக்கம்.

வகுப்பு எல்லை வெறும் அழகியல் அன்று என்பதற்கு 2020 ஒரு சான்று. கொரோனாத் தொற்றின்போது, மே 4 இல் தொடங்கிய ஊரடங்கு நீட்டிப்புக்காக, நடுவண் அரசு இந்திய மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை மண்டலங்களாகப் பிரித்தது. தமிழ்நாட்டில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. பச்சை கிருட்டிணகிரி ஒன்று மட்டுமே. எக்கடை திறக்கலாம், எவ்வூர்தி ஓடலாம் என்பதை நிறம் தீர்மானித்தது. செங்கல்பட்டு சிவப்பானது. அதனால் நெரிசலான தாம்பரம், பல்லாவரம் பகுதிகளும், தெற்கே செய்யூர், மதுராந்தகம் வட்டங்களின் சிற்றூர்களும் அப்பட்டியலில் ஒரே நிறம் பெற்றன. பகுதிக்குள் உள்ள வேறுபாட்டைக் காட்ட இயலாமை இப்படமுறையின் பிறவிக் குறைபாடு. 2011 இல் ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,74,787 பேர் வாழ்ந்த தாம்பரம் நகராட்சியின் அடர்த்தி எட்டாயிரத்துக்கும் மேல். அது அடங்கிய மாவட்டத்தின் நிறமோ 892 க்கு உரியது.

தரவையும் எல்லையையும் இணைத்தல்

பிழைகளில் பெரும்பாலானவை நுழையும் இடம் இதுவே. பெயரைக் கொண்டு இணைப்பது ஆபத்தானது. ஒரு கோப்பில் காஞ்சிபுரம் என்றும் மற்றொன்றில் காஞ்சீபுரம் என்றும், ஒன்றில் தூத்துக்குடி என்றும் மற்றொன்றில் டூட்டிகோரின் என்றும் இருக்கும். கணக்கெடுப்புக் குறியீட்டைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. 2011 இல் சென்னைக்கு 603, காஞ்சிபுரத்துக்கு 604.

இணை கிடைக்காத பகுதியை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மதிப்பு இல்லையெனில் சுழி எனக் கொள்ளும் நிரல், அப்பகுதியை மிகக் குறைந்த மதிப்புடையதாகக் காட்டிவிடும். ஹாஸ்கெல் மொழியில் தேடலின் விடை 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்னும் தனி வகையாகவே வருகிறது. அதனை எண்ணாகப் பயன்படுத்த முயன்றால் நிரல் தொகுக்கப்படாது. இல்லாத நிலைக்கும் ஒரு விடையை நிரலர் எழுதியே ஆகவேண்டும். குளோஜரில் இக்கட்டாயம் இல்லாததால் சாம்பல் நிறத்தை நிரலரே நினைவில் வைத்து ஒதுக்க வேண்டும்.

குறியீடு சரியாக இருந்தும் எல்லை மாறியிருக்கலாம். 2019 நவம்பர் 29 இல் காஞ்சிபுரத்தில் இருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாவட்டங்கள் இப்போது 38. 2021 இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டதால், 38 மாவட்டப் படத்தில் 2011 தரவை இடுவோர் பிரிந்த மாவட்டங்களுக்கான மதிப்பைத் தாமே கணக்கிட வேண்டியுள்ளது. பழைய காஞ்சிபுரத்தின் 892 ஐ இரு மாவட்டங்களுக்கும் பகிர்ந்து இடுவது தவறு. அது பழைய மாவட்டத்தின் சராசரி. வட்ட அளவில் கூட்டுவதும் எளிதன்று, ஏனெனில் பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் 2011 க்குப் பின் உருவானவை. ஊர் அளவிலான மக்கள்தொகையையும் பரப்பையும் தனித்தனியே கூட்டி, அதன் பின்னரே வகுக்க வேண்டும். பட்டியலை ஒரு மதிப்பாகச் சுருக்கும் 'ரெட்யூஸ்' சார்பு இதற்கே உரியது.

தாம்பரம் மாநகராட்சிக்கு இம்முறை நேராகப் பொருந்துகிறது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் முழுமையாக இணைந்து இது அமைந்ததால், பத்தின் 2011 எண்களையும் கூட்டினால் போதும். ஆனால் அதன் 70 வார்டுகள் புதிதாக வரையப்பட்டவை. பழைய வார்டு எண்களை அவற்றின் மீது பொருத்த முடியாது. 2011 தரவைக் கொண்டு தாம்பரத்தை வரைய வேண்டுமெனில் இணைப்புக்கு முந்தைய பத்து உள்ளாட்சிகளின் எல்லைகளையே பயன்படுத்தி, எல்லை எந்த ஆண்டுக்குரியது என்பதைப் படக்குறிப்பில் தருவதே முறையாகும்.