சரித்திர நாவலுக்கு ஒரு பேரேடு

கணக்கு எழுதுவது என் தொழில். ஹுப்பளி ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில், எந்த மூட்டை எங்கிருந்து வந்தது, எவர் பெயருக்கு வந்தது, எடை எவ்வளவு, எந்த வண்டியில் ஏறிற்று என்று பதிந்து பதிந்து விரல் தேய்ந்தவன் நான். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது; கதைப் புத்தகம் படிக்கும் ஆசை மட்டும் நிற்கவில்லை. அதிலும் சரித்திர நாவல் என்றால் சோறும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். அத்தகைய நான், படித்த நாவல்களுக்கும் ஒரு பேரேடு போட்டு, சென்ற தை முதல் நாள் தொடங்கி இந்தத் தை பிறக்கும் வரையில் ஓராண்டுக் கணக்கை எழுதி முடித்திருக்கிறேன். பெருமைக்காகச் செய்த காரியம் அன்று இது. ஒரு தலைகுனிவிலிருந்து பிறந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய கன்னடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவருக்குச் ‘சிவகாமியின் சபதம்’ கதையைச் சொன்னேன். எங்கள் தாத்தா கல்கி இதழிலிருந்து வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, தைத்து அட்டை போட்டு வைத்த தொகுதியில் சிறு வயதிலேயே நான் படித்த கதை அது. வாதாபிப் படை காஞ்சியை முற்றுகையிட்டதையும், ஆடலரசி சிவகாமி சிறைப்பட்டதையும், அவள் சபதம் நிறைவேற மாமல்லர் வாதாபியை எரித்ததையும் கை கால்களை ஆட்டிச் சொல்லி முடித்தேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, சிவகாமி என்ற பெண்ணைப் பற்றி எந்தக் கல்வெட்டு சொல்கிறது?” என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. “புலிகேசி எங்கள் பேரரசர். வடக்கே ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவர். என் பேரன் பள்ளியில் அவரைப் பற்றித்தான் படிக்கிறான். உன் மகளும் அதே பள்ளிதானே?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்தச் சாந்தந்தான் என்னைச் சுட்டது.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்த புலிகேசி வேறு. என் மகளின் பாடப்புத்தகத்துப் புலிகேசி வேறு. இரண்டுக்கும் நடுவே குழந்தை நிற்கிறாள். தமிழ்நாட்டிலேயே வாழ்பவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. பிழைப்புக்காக அயலூர் வந்து, அவ்வூர்த் தண்ணீரைக் குடித்து வாழும் நமக்கு உண்டு. நம் நாவலில் வரும் பகைவன் நம் அண்டைவீட்டாரின் தலைவனாக இருக்கிறான்!

மறுநாளே ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வாங்கி ஐந்து கட்டங்கள் கோடிட்டேன். முதற்கட்டத்தில் நூலின் பெயர், ஆசிரியர், நான் படிக்கத் தொடங்கிய தேதி, முடித்த தேதி. இரண்டாவதில் கதை நிகழும் காலம். மூன்றாவதில் மெய்யாகவே வாழ்ந்தவர்கள். நான்காவதில் ஆசிரியர் படைத்த பாத்திரங்கள். ஐந்தாவது கட்டத்துக்கு ‘எதிர்க்கரை’ என்று பெயரிட்டேன். கதையில் பகைவராக வருபவர்கள் தம்மைப் பற்றித் தாமே என்ன எழுதி வைத்தார்கள் என்பது அதில். ரசீது இல்லாமல் பார்சலுக்குப் பதிவு இல்லை. அதுபோலக் கல்வெட்டோ, செப்பேடோ, பழைய நூலோ சான்று கூறாத எவருக்கும் மூன்றாம் கட்டத்தில் இடமில்லை என்று விதி செய்துகொண்டேன்.

முதற்பதிவு ‘சிவகாமியின் சபதம்’. மகேந்திரவர்மர், நரசிம்மவர்மர், பரஞ்சோதி, புலிகேசி ஆகியோர் மூன்றாம் கட்டத்தில் அமர்ந்தார்கள். சிவகாமியும் நாகநந்தியும் நான்காம் கட்டத்துக்குப் போனார்கள். சிவகாமியின் பெயரை அங்கே எழுதும்போது கை சற்றுத் தயங்கியது உண்மை. ஐந்தாம் கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்ப, விடுமுறை நாளொன்றில் மகளை அழைத்துக்கொண்டு கதக் வழியாகச் செல்லும் வண்டியில் ஏறினேன். வாதாபி எங்கோ கதையில் இருக்கும் ஊரன்று; பாதாமி என்ற பெயரில் நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது.

செம்மண் நிறக் குன்றுகள், நடுவே அகத்தியர் பெயர் கொண்ட ஏரி, மலையைக் குடைந்த குகைக் கோயில்கள். மூன்றாம் குகையில் சாளுக்கிய மங்களேசனின் 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 642-ஆம் ஆண்டு அவ்வூரைக் கைப்பற்றிய நரசிம்மவர்மரின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் சிதைந்த நிலையில் அங்கே பாறையில் உண்டு. அங்கிருந்து பேருந்தில் ஐஹொளெ சென்றோம். மேகுடிக் குன்றின் சமணக் கோயிலில் புலவர் ரவிகீர்த்தி 634-35-இல் பொறித்த சாசனம் இருக்கிறது. புலிகேசிக்கு அஞ்சிப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்று அது பாடுகிறது. நம் பக்கத்துக் கூரம் செப்பேடோ, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்க்களங்களில் நரசிம்மவர்மர் புலிகேசியைப் புறங்கண்டார் என்கிறது. அவரவர் வெற்றியை அவரவர் பொறித்தார்கள். தோல்வியைப் பொறித்தவர் யாருமில்லை. அங்கிருந்த கன்னடப் பலகையை என் மகள் தடையின்றிப் படித்துக் காட்ட, நான் அந்தக் குன்றின் மேலேயே ஐந்தாம் கட்டத்தை நிரப்பினேன்.

அடுத்து ‘பொன்னியின் செல்வன்’. 2022-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்த நாள் முதல், “அப்பா, நந்தினி கடைசியில் எங்கே போனாள்?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பேரேட்டின்படி வந்தியத்தேவர் மெய்யானவர். குந்தவைப் பிராட்டியை அவருடைய தேவியாகத் தஞ்சைக் கல்வெட்டு குறிக்கிறது. ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. நந்தினியோ நான்காம் கட்டம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கொன்றவர் பெயரைச் சொல்லும் அந்தக் கல், கொன்ற காரணத்தைச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைப் பிறப்பித்திருக்கிறார்! கணக்கு எழுதினால் கதையின் சுவை போய்விடும் என்று சில நண்பர்கள் என்னிடம் வருந்தியதுண்டு. எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு. சான்று எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று கண்ட பிறகே ஆசிரியரின் ஆற்றல் எனக்கு விளங்கிற்று.

மனத்தைக் கலக்கிய பதிவும் ஒன்று உண்டு. 1963-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ படித்து, இராஜேந்திர சோழரின் வீரத்தில் நெஞ்சு நிமிர்ந்திருந்தேன். ஐந்தாம் கட்டத்துக்காகத் தேடியபோது, நாங்கள் வாழும் இதே பகுதியிலுள்ள ஹொட்டூர்க் கல்வெட்டைப் பற்றி அறிந்தேன். 1007-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சாளுக்கிய சத்தியாசிரயன் காலத்தது. சோழர் ஒன்பது லட்சம் படையுடன் வந்து நாட்டைச் சூறையாடி, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்று அது புலம்புகிறது. தொகை மிகையாக இருக்கலாம். அடிபட்டவன் குரல் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதையும் தமிழிலேயே எழுதி வைத்தேன். அதனால் இராஜேந்திரர் எனக்குச் சிறியவராகிவிடவில்லை. ஆனால் பெருமிதத்தோடு கொஞ்சம் அடக்கமும் சேர்ந்தது.

‘பார்த்திபன் கனவு’, சாண்டில்யனின் ‘கடல் புறா’, ‘யவன ராணி’, சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ ஆகியவையும் ஏட்டில் ஏறின. கடைசியாகச் சொன்ன நூல் புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் ஆண்ட காலத்துக் கதை. அக்காலத்தில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். வணிகம், அரசியல், ஊர் வம்பு எதையும் அவர் விடவில்லை. அவர் நாள்தோறும் எழுதியதால் அல்லவா இன்று நமக்கு அக்காலம் கண்முன் நிற்கிறது? பதிவேட்டின் அருமையைப் பதிவெழுதும் எனக்கே உணர்த்தியவர் அவர்.

ஒன்பதாவது பதிவு கன்னட நூல். சித்திரதுர்க்கம் 1779-இல் ஹைதர் அலியிடம் வீழ்ந்த கதையைச் சொல்லும் த. ரா. சு.வின் ‘துர்காஸ்தமான’. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இரவு நான்கு பக்கம் எனக்குக் கன்னடத்தில் படிப்பாள். அதற்கு ஈடாக அவளுக்கு நான் நான்கு பக்கம் தமிழில் படிப்பேன். ஐப்பசி மாதம் வந்தபோது தமிழ்ப் பக்கத்தை அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கலானாள். இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த லாபங்களில் இதைத்தான் முதலில் வரவு வைப்பேன்.

‘கடல் புறா’வுக்கு ஐந்தாம் கட்டம் இன்னும் காலிதான். கலிங்கத்தார் பக்கத்தையும் கடாரத்தார் பக்கத்தையும் நான் தேடியாக வேண்டும். காலி என்றே அங்கே குறித்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவது கணக்கனுக்கு அடுக்காது.

அன்பர்களே! நம் சங்கத்து அலமாரியிலிருந்து நாவல் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கலாம். ஐந்து கோடுகள் போதும். நம் குழந்தைகள் தமிழரின் பெருமையையும் அறிவார்கள். தாங்கள் வளரும் மண்ணின் பெருமையையும் அறிவார்கள். எது சரித்திரம், எது கதை என்றும் தடுமாற மாட்டார்கள்.

சென்ற வாரம் பேரேட்டை அந்தப் பெரியவரிடம் காட்டினேன். ஐந்தாம் கட்டத்தை நான் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டார். ஓர் ஊர்ப் பெயரின் உச்சரிப்பைத் திருத்தினார். நோட்டை மூடி என் கையில் தந்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அன்று நீ வாதாபி எரிந்ததோடு நிறுத்திவிட்டாயே, தம்பி! அந்தப் பெண் சிவகாமி ஊர் திரும்பினாளா? அப்புறம் என்ன ஆனாள்?”

சாப்பாட்டு மணி முடியும் வரையில் சொன்னேன். மிச்சக் கதை நாளைக்கு.