மருந்து கேட்கிறதா?

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்கேன் சென்டர் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. பெட் சி.டி. ஸ்கேன் என்றாலே பலருக்கும் வயிற்றைக் கலக்கும். புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் மெஷின் என்ற அளவில்தான் அதைத் தெரியும். அதன் கெட்டிக்காரத்தனம் நோய் உறுதியான பிறகுதான் வெளிப்படுகிறது. கொடுக்கிற கீமோ கேட்கிறதா என்று பாதி வழியிலேயே சொல்லிவிடும்.

சாதாரண சி.டி. ஸ்கேன் கட்டியை அளக்கும். ஆனால் செல்கள் செத்த பிறகும் தழும்புத் திசு அப்படியே கிடக்கலாம். அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பெட் பார்ப்பது கட்டியின் பசியை. குளுக்கோஸுடன் கதிரியக்க ஃப்ளோரின்-18 சேர்த்த எஃப்.டி.ஜி. என்ற மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். புற்றுச் செல்கள் சர்க்கரை என்று நினைத்து வாரி விழுங்கும். ஆனால் அதை முழுதாக எரிக்க முடியாததால் மருந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் கதிர்களை மெஷின் படமாக்குகிறது. இந்த ஃப்ளோரினின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். 1976-இல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்த, அமெரிக்காவின் புரூக்ஹேவனில் தயாரித்த மருந்தை ஃபிலடெல்பியாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள்.

நோயாளி வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் ஓய்வு. பேசிக்கொண்டே இருந்தால் குரல்வளைத் தசை படத்தில் ஒளிரும்; சூயிங்கம் மென்றால் தாடை ஒளிரும்!

பாதி வழியில் பெட் எடுப்பதால் அதிகம் பலன் கண்டது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நெறிகட்டிப் புற்றுநோய். இரண்டு சைக்கிள் கீமோ முடிந்ததும் பெட் எடுத்து, கட்டியின் ஒளியைக் கல்லீரலின் ஒளியோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். டோவில் அளவுகோல் என்று பெயர். 2016-இல் வெளியான ராத்தல் ஆய்வில், முற்றிய நோயுள்ளவர்களில் படத்தில் ஒளி அடங்கியிருந்தவர்கள் பாதிப் பேருக்கு, நுரையீரலைக் கெடுக்கும் ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். நுரையீரல் பாதிப்பு குறைந்தது. நோய்க் கட்டுப்பாடு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: காசநோய். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயருக்குக் காரணம் 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. அந்தக் காசநோய் தாக்கிய நெறிகட்டியும் சர்க்கரையை இழுத்து, புற்றுநோய் போலவே ஒளிரும். அழற்சியும் அப்படித்தான். எனவே ஒளியை மட்டும் பார்த்து மருந்தை மாற்றுவது ஆபத்து. சந்தேகம் வந்தால் பயாப்சிதான் தீர்ப்பு.

மருந்தைத் தொடங்கும் முன்பே, படத்தின் நுண்ணிய அமைப்பைக் கணினியால் அலசி பலனைக் கணிக்கும் ரேடியோமிக்ஸ் முயற்சியும் நடக்கிறது. ஒரு மெஷினின் படங்களில் கற்ற கணக்கு இன்னொரு மெஷினில் தடுமாறுவதால், இப்போதைக்கு அதை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.

பெட் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் முன்பு டி.பி. வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். பழைய ஸ்கேனின் ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒப்பிட முந்தைய படம் வேண்டும்.