கேட்டில் மங்கும் விளக்கு

1970-களின் கடைசியில், திண்டுக்கல்லில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அப்பா அம்பாசிடரை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார். காலை எடுத்தால் ஹெட்லைட் மஞ்சளாக மங்கும்; டாஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு கண்விழிக்கும். மிதித்தால் வெளிச்சம் எழும்பும். அதைக் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. மார்க் 2 அம்பாசிடர்களில் மின்சாரம் தர இருந்தது டைனமோ. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது பேட்டரிக்கு ஒன்றும் தராது. வேகம் பிடித்தால் 20 ஆம்பியர் வரை தரும். கொடைக்கானல் சவாரி போய் மழையில் வத்தலக்குண்டு வழியாக ராத்திரி திரும்பும் டிரைவர்கள் வைப்பர், விளக்கு இரண்டையும் அந்த 20-க்குள் அடக்கித்தான் ஓட்டினார்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் பழனி ரோட்டில் எங்களுக்கு வாடிக்கையான ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். முதலில் கருவி எதையும் எடுக்க மாட்டார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்குவார். அரை அங்குலம் தணிந்தால் சரி. பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். எர்த் வயரை ஆட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் டைனமோ. பின்னால் இருக்கும் இரண்டு வயரையும் கழற்றி, டைனமோவின் இரண்டு முனைகளையும் துண்டு வயரால் சேர்த்து, டெஸ்ட் லாம்பின் ஒரு நுனியை அங்கேயும் மறு நுனியை பாடியிலும் வைப்பார். "தம்பி, மெதுவா ரேஸ் பண்ணு" என்பார். நான் மிதிக்க மிதிக்க பல்புக்குள் இழை சிவந்து, பிறகு வெளுக்கும். எரிந்தால் டைனமோ நல்லது, கோளாறு டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கட்-அவுட் பெட்டியில். எரியாவிட்டால் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றினால் அரை நாள் வேலை. ஆர்மேச்சரின் ஒரு முனையில் கம்யூட்டேட்டர் கருத்துக் கிடக்கும். அதை நைசான உப்புத்தாளால் மினுக்குவார். செப்புக் கட்டைகளுக்கு நடுவே மேலேறி நிற்கும் மைக்காவை உடைந்த ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டுவார். புது கார்பன் பிரஷ் போட்டு மாட்டியபின், பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து ஃபீல்டு முனையில் கண்ணிமைக்கும் நேரம் தொடுவார். சட்டென்று ஒரு பொறி. டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்துக்குத் திசை காட்டுவது அந்தப் பொறிதான். அந்த வயதில் அதைவிடப் பெரிய வித்தையை நான் பார்த்ததில்லை.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இல் ஆல்டர்னேட்டர் இருந்தது. பின்னால் வந்த அம்பாசிடர்களிலும் அதுவே. அப்பாவின் வண்டிக்கும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினோம். கேட்டில் நிற்கும்போதும் சார்ஜ் ஏறியது. உள்ளே மாறுமின்சாரம் உண்டாகி, டயோடுகள் வழியாக நேர்மின்சாரமாகி வெளியே வருகிறது. கம்யூட்டேட்டர் இல்லை, சுரண்டும் வேலையும் இல்லை.

ஆனால் பழைய பழக்கம் ஒன்று கூடவே வந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நின்றால் சார்ஜ் இல்லை என்று முடிவுகட்டுவது. டைனமோ காலத்தில் அது பெரும்பாலும் தப்பியது. ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் ஒரே கணத்தில் எகிறி டயோடைச் சுட்டுவிடும். இன்றைய காரில் சேதம் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ வரை போகும். யாராவது அதைச் செய்ய ஸ்பேனர் எடுத்தால் நான் கையைப் பிடித்துத் தடுப்பேன். இன்று 500 ரூபாய்க்குள் மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஓடாத வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டி: பழைய வண்டிக்கு இந்த இரண்டு எண் பாதி வழியைக் காட்டிவிடும். புதுக் கார்களில் ஈசியூ வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது. இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? டயோடு ஒன்று கசிந்து பேட்டரியைக் குடிக்கிறது.

இவ்வளவு எளிதான பின்பும் தேடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி; அதுவும் இறங்கினால் புது ஆல்டர்னேட்டர். போன மாதம் எங்கள் அம்பாசிடரிலும் சார்ஜ் ஏறவில்லை. ஒரு கடையில் பார்த்த உடனே ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று விலை சொன்னார்கள். மனம் ஒப்பாமல் பழனி ரோட்டுக்கே போனேன். அன்று அங்கே வேலை பழகிய பையன் இன்று தலை நரைத்து அதே கடையை நடத்துகிறார்.

"அண்ணே, சாவிய மட்டும் ஆன் பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம்."

செய்தேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் கையைவிட்டு, பட்டாணி அளவு பல்பு ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். இழை அறுந்திருந்தது. ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பும் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. டைனமோவுக்கு இது தேவைப்பட்டதில்லை, அதன் இரும்பிலேயே காந்தம் இருந்தது.

புது பல்பைச் செருகினார். சாவியைத் திருப்பினேன், சிவப்பு எரிந்தது. ஸ்டார்ட் செய்து லேசாக மிதித்ததும் அணைந்தது. மீட்டரில் 14.1.